நீரே மருந்து

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தைப் புரட்டுகிறவர்கள் அங்கே மூலிகைகளின் பெயர்களையும் சூரணங்களின் செய்முறையையும் எதிர்பார்த்தால் ஏமாற்றமே அடைவார்கள். அவ்வதிகாரத்தின் பெரும்பகுதி உணவைப் பற்றியது. முன்பு உண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்கிறவனுக்கு மருந்தே தேவையில்லை என்கிறார் வள்ளுவர். இறுதிக் குறளில்தான் மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணுகிறார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிலிருந்து அதைக் கொடுப்பவன் என அவை நான்கு.

முதல் மூன்றும் யாருக்கும் விளங்கும். நான்காமவனை ஏன் சேர்த்தார்? மருந்தை எடுத்து நீட்டுவது அவ்வளவு பெரிய காரியமா? பள்ளிப் பருவத்திலிருந்தே இந்த ஐயம் என் மனத்தில் இருந்து வந்தது. அதை ஒரு மீன் தீர்த்து வைத்தது என்று சொன்னால் நண்பர்கள் நகைக்கக் கூடும். நகைத்துவிட்டு மேலே படிக்குமாறு வேண்டுகிறேன்.

எங்கள் ஊர் பங்காருபாளையம். சித்தூரிலிருந்து பலமனேருக்குப் போகும் சாலையில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. எங்கள் வீட்டில் தமிழ் பேசுவோம். அடுத்த வீட்டில் தெலுங்கு. சுவர்தான் இரண்டு வீடுகளுக்கும் இடையில் உண்டே தவிர, பேச்சுக்கு இடையில் சுவர் கிடையாது. ‘பங்காரு’ என்றால் தெலுங்கில் பொன். பொன்மீனை அவர்கள் ‘பங்காரு சேப’ என்பார்கள். பொன்னூருக்கு ஒரு பொன்மீன் வந்து சேர்ந்த கதைதான் இது.

அடுத்த வீட்டுச் சிறுமிக்கு அப்போது ஒன்பது வயது. அவளுடைய பிறந்த நாளுக்கு அவள் தந்தை ஒரு கண்ணாடிக் கிண்ணமும், ஒரு பொன்மீனும், உடம்பில் கறுப்புப் பட்டைகள் உடைய ‘டைகர் பார்ப்’ மீன்கள் நான்கும் வாங்கி வந்தார். எல்லா மீன்களும் ஒன்றாகவே வாழும் என்று விற்றவர் உறுதி சொல்லியிருந்தார். விற்கிறவர்களின் உறுதிமொழியைப் பற்றி நாம் அறியாததா? டைகர் பார்ப் விரைந்து நீந்தும் மீன். நீண்ட துடுப்பு உடைய மந்தமான மீன் எதுவும் அருகில் இருந்தால் அதன் துடுப்பைக் கடித்துப் பார்ப்பது அதன் இயல்பு. ஐந்து லிட்டர் கிண்ணத்தில் பொன்மீன் எங்கே ஓடி ஒளியும்?

கோடை விடுமுறைக்கு நான் ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை அவள் கிண்ணத்தோடு எங்கள் திண்ணைக்கு வந்தாள். விசிறி போல் விரிந்திருக்க வேண்டிய வாலில் பாதிக்கு மேல் இல்லை. எஞ்சிய பகுதி கிழிந்த கொடித் துணியைப் போல் தொங்கியது. ஓரங்களில் இரத்தச் சிவப்பு. மீன் கிண்ணத்தின் அடியில் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் வேகமாக அடித்துக் கொண்டிருந்தது.

“அண்ணா, நீங்கள் விலங்கியல்தானே படிக்கிறீர்கள்? இது பிழைக்குமா?” என்றாள்.

நான் பதில் சொல்லும் முன் அவளுடைய பாட்டி சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தார். அவரை எல்லோரும் அவ்வா என்றுதான் அழைப்போம். “போன வால் இனி வருமா, நாயனா? கிணற்றில் விட்டுவிடு. அது பாட்டுக்குப் போகட்டும். உடம்பு கெட்ட பிறகு பிழைத்திருந்து என்ன?”

அவ்வா மீனைப் பற்றி மட்டும் பேசவில்லை. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உள்ளவர் அவர். காலில் பெருவிரல் அருகே ஒரு புண் மூன்று மாதமாக ஆறாமல் இருந்தது. கட்டு மாற்றிக் கொள்ள மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிட்டு, திண்ணைக் கட்டிலிலேயே நாளைக் கழித்து வந்தார். சிறுமி என்னையும் அவ்வாவையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னிடம் அவள் கேட்ட கேள்விக்கு இரண்டு பொருள் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அறிவியல் இவ்விடத்தில் அவ்வாவின் கட்சியில் இல்லை. மீனின் துடுப்பு வெட்டுப்பட்டால் மீண்டும் வளரும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் புரூசோனே 1786-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். துடுப்பு வெறும் தோல் அன்று. குடைக்குக் கம்பிகள் இருப்பது போல அதனுள் மெல்லிய எலும்புக் கதிர்கள் உண்டு. கதிர் முறிந்த இடத்தைத் தோல் ஒரு நாளைக்குள் மூடிவிடுகிறது. பிறகு அம்முனையில் உயிரணுக்கள் தம் பழைய தொழிலை ஓரளவு மறந்து, இளமைக்குத் திரும்பி, மொட்டுப் போல் திரள்கின்றன. அம்மொட்டிலிருந்து எலும்பும், நரம்பும், இரத்தக் குழாயும், தோலும் முறையே உருவாகின்றன. கதிரின் அடிப்பகுதி உடலோடு ஒட்டி எஞ்சியிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. வேரோடு போய்விட்டால் வளர்வது அரிது. எங்கள் மீனுக்கு அடிப்பகுதி நன்றாக இருந்தது. எனவே, “பிழைக்கும், வாலும் வரும். ஆனால் நாம் அவசரப்படக் கூடாது” என்று சொன்னேன்.

முதல் வேலை, கடித்தவற்றைப் பிரிப்பது. பார்ப் மீன்கள் வந்த கடைக்கே திரும்பின. இரண்டாவது வேலை, இடம் மாற்றுவது. துணி ஊறவைக்கும் 40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைச் சோப்பு வாடை போகும் வரை கழுவி வெயிலில் காய வைத்தோம். மருந்தைத் தேடாமல் தொட்டியைத் தேடுகிறேனே என்று சிறுமியின் தந்தைக்கு வியப்பு. அவரிடம் சொன்ன காரணத்தை இங்கும் சொல்லிவிடுகிறேன்.

மீன் தன் கழிவை அம்மோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியே வெளியிடுகிறது. ஆற்றிலும் ஏரியிலும் அது கரைந்து போய்விடும். கிண்ணத்தில் எங்கே போகும்? மீன் தன் கழிவையே திரும்பத் திரும்ப மூச்சாகக் கொள்ள நேரிடும். அம்மோனியா செவுளைத் தீய்க்கும், புண்ணை ஆறவிடாது. நீர் காரத்தன்மை மிகுந்தும் வெப்பமாகவும் இருந்தால் அதன் நச்சு மேலும் கூடும். நாளான தொட்டிகளில் ஒருவகைப் பாக்டீரியா தோன்றி அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், நைட்ரைட்டும் நஞ்சே. அதை மற்றொரு வகை, தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இந்த ஏற்பாடு ஒரு தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை நாம்தான் அந்தப் பாக்டீரியாவின் வேலையைச் செய்ய வேண்டும். அஃதாவது, நாள்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும்.

எங்கள் தெருவில் ஊராட்சிக் குழாய் நீரும் உண்டு. வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரும் உண்டு. குழாய் நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும் நாளில் அதன் குளோரின் செவுளுக்கு ஆகாது. வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். கிணற்று நீரில் குளோரின் இல்லை. ஆயினும் நிலத்தின் ஆழத்திலிருந்து வருவதால் உயிர்வளி குறைவு. அதைக் குடத்திலிருந்து தொட்டிக்கு உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றிக் காற்று ஏற்றினோம். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் அந்தக் கடின நீரைப் பொன்மீன் பொறுத்துக் கொள்ளும் என்பது எங்கள் நல்வாய்ப்பு.

அடுத்தது உப்பு. சமையலறைக் கல் உப்புத்தான். லிட்டருக்கு 2 கிராம் என்று கணக்கிட்டு 80 கிராம் நிறுத்து, தனியே கரைத்து, ஒரே நாளில் மூன்று முறையாகச் சேர்த்தோம். நன்னீர் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு வெளி நீரில் இல்லை. ஆதலால் நீர் ஓயாமல் உடலுக்குள் புகுந்து கொண்டே இருக்கும். மீன் அதை ஓயாமல் வெளியேற்றிக் கொண்டே இருக்க வேண்டும். புண்பட்ட மீனுக்கு இந்த உழைப்பு இரட்டிப்பாகும். நீரில் சிறிது உப்பு இருந்தால் அச்சுமை குறையும். குறைந்த வலிமையைப் புண் ஆற்றுவதற்கு அது செலவிடலாம். நீர் மாற்றும்போது, மாற்றிய நீருக்கு உரிய உப்பை மட்டுமே சேர்க்க வேண்டும். முழு அளவையும் நாள்தோறும் போட்டால் சில நாளில் தொட்டி கடலாகிவிடும்!

கடையிலிருந்து பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு மஞ்சள் தூளும் வந்திருந்தது. நுண்ணுயிர்க்கொல்லி என்றார்கள். நான் அதைப் பிரிக்கவில்லை. என்ன மருந்து, எவ்வளவு என்று தெரியாமல் நீரில் கலந்தால், உருவாகி வரும் நல்ல பாக்டீரியாவும் சாகும். தப்பிப் பிழைக்கும் தீய பாக்டீரியா அம்மருந்துக்கு அஞ்சாததாகிவிடும். மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்களை உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் மனித நலத்திற்கான பத்து அச்சுறுத்தல்களுள் ஒன்றாக எண்ணியது. ஒரு பொன்மீன் தொட்டி அதற்கு ஏன் துணை போக வேண்டும்? சிவப்பு பரவி, துடுப்பு நாளுக்கு நாள் அடிவரை அழுகி வந்தால் அப்போது கால்நடை மருத்துவரிடம் கேட்டு மருந்திடுவதே முறை. கடிபட்ட புண் வேறு. அழுகல் நோய் வேறு.

உணவில்தான் சிறுமிக்கும் எனக்கும் வழக்கு வந்தது. நோயாளி நன்றாகச் சாப்பிட வேண்டாமா என்பது அவள் வாதம். பொன்மீனுக்கு நம்மைப் போல் இரைப்பை கிடையாது. சிறிது சிறிதாகவே உண்ணும் உடலமைப்பு அது. கூடுதலாகப் போட்டது நீரில் அழுகி அம்மோனியாவாகும். எனவே முதல் இரண்டு நாள் பட்டினி. பிறகு இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கக் கூடிய அளவு மட்டும். இடையிடையே தோலுரித்து வேகவைத்த பட்டாணி. “அளவோடு தின்றால் மருந்து வேண்டாம்” என்று வள்ளுவர் சொன்னதாக அவளிடம் தமிழில் சொன்னேன். அவள் அதைத் தெலுங்கில் அவ்வாவிடம் போய்ச் சொன்னாள். அன்று மாலை அவ்வாவின் காப்பியில் சர்க்கரை இருக்கிறதா என்று அவள் சோதித்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஞாயிறுதோறும் வாலின் உருவத்தை அவள் கணக்கு நோட்டில் வரைந்து தேதி இடுவது எங்கள் ஏற்பாடு. முதல் ஞாயிறு, சிவப்பு மறைந்திருந்தது. இரண்டாம் ஞாயிறு, ஓரத்தில் வெண்ணிற நூல் ஒன்று ஓடியது. பூஞ்சையோ என்று அவள் அஞ்சினாள். பூஞ்சையாயின் பஞ்சு போல் புடைத்திருக்கும். இது ஒட்டி, வழவழப்பாக இருந்தது. புதிய வளர்ச்சி அது. மூன்றாம் ஞாயிறு, அந்நூல் கண்ணாடித் தாள் போல் அகன்றிருந்தது. நிறம் இல்லை, ஊடே மறுபக்கம் தெரிந்தது. நிறம் பின்னால் வரும் என்றேன்.

அவள் வரைந்த படத்தில் ஒரு வியப்பைக் கண்டாள். ஆழமாகக் கடிபட்ட இடம் வேகமாகவும், நுனியில் கடிபட்ட இடம் மெதுவாகவும் வளர்ந்து கொண்டிருந்தன. இதையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர் தாமஸ் ஹண்ட் மார்கன் மீன்களில் ஆராய்ந்து எழுதினார். மரபுவழிப் பண்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1933-இல் நோபெல் பரிசு பெற்ற அதே மார்கன்தான். எவ்வளவு இழந்தோம் என்பதை வெட்டுப்பட்ட இடம் எப்படியோ அறிந்து வைத்திருக்கிறது; இழப்பு மிகுந்த இடத்தில் வளர்ச்சியும் விரைகிறது. ஒன்பது வயதுப் பெண் கணக்கு நோட்டில் கண்டதும் அதுவே.

இன்று இவ்வாராய்ச்சியில் முன் நிற்பது நம் நாட்டு ஓடைகளில் வாழும் சிறு வரிமீன். ‘ஜீப்ரா மீன்’ என்பார்கள். அதை முதன்முதல் விவரித்து 1822-இல் நூல் எழுதியவர் பிரான்சிஸ் ஹாமில்டன். முன்னர் பிரான்சிஸ் புக்கானன் என்ற பெயரில், 1800-இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாட்டைச் சுற்றி வந்து பயண நூல் எழுதியவரும் அவரே. வெதுவெதுப்பான நீரில் அம்மீனின் வால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். வால் மட்டுமா? இதயத்தின் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தாலும் இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடுகிறது என்று 2002-இல் கண்டறிந்தார்கள். மாரடைப்பில் செத்த மனித இதயத் தசை அப்படி வளர்வதில்லை. அங்கே தழும்புதான் மிஞ்சுகிறது. மீனுக்குத் தெரிந்த வித்தையை மனித உடலுக்குக் கற்பிக்க முடியுமா என்பதே இன்றைய ஆராய்ச்சிக் கூடங்களின் கேள்வி.

இனி, அந்த இரவைச் சொல்ல வேண்டும். மே மாதத்தின் நடுப்பகுதி. பகல் முழுதும் அனல். தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்குக் கட்டியிருந்தோம். இரவு ஒன்பது மணிக்குக் காற்றடித்து, எங்கோ மரம் விழுந்து, மின்சாரம் போயிற்று. தொட்டிக்குக் காற்றுத் தரும் சிறு பம்பு நின்றது. நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் உயிர்வளி குறையும். 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவில் கரைவது, 30 பாகையில் ஏழரைக்கு இறங்கிவிடும். சிறிது நேரத்தில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கத் தொடங்கிற்று. ஒரு செம்பை எடுத்து நீரை மொண்டு, உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றினேன். இதைச் சில நிமிடத்திற்கு ஒரு முறை செய்ய வேண்டும் என்று சிறுமிக்குக் காட்டினேன். நானும் அவளும் முறை வைத்துக் கொண்டோம். நள்ளிரவில் அவள் சுவரில் சாய்ந்தபடியே உறங்கிவிட்டாள். எனக்கும் கண் செருகியது.

விழித்துப் பார்த்தபோது செம்பின் ஓசை கேட்டுக் கொண்டிருந்தது. அவ்வா கட்டுப் போட்ட காலை நீட்டியபடி தொட்டியருகே ஒரு மனையில் உட்கார்ந்து, மொண்டு மொண்டு ஊற்றிக் கொண்டிருந்தார். “எனக்குத்தான் தூக்கம் வராதே, நாயனா. நீ படு” என்றார். விடியற்காலை மின்சாரம் வரும் வரை அவர் எழவில்லை. மீன் அடியில் அமைதியாக நின்றிருந்தது.

அதற்கடுத்த வாரம் அவராகவே மகனிடம் சொல்லி மருத்துவமனைக்குக் கட்டு மாற்றப் போனார். மீனால் போனாரா, மகனின் வற்புறுத்தலால் போனாரா, நான் அறியேன். சர்க்கரை நோயில் கால் மரத்துப் போவதும் இரத்த ஓட்டம் குறைவதும் புண்ணை ஆறவிடாமல் செய்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் வராமல் மேலே எதைத் தடவினாலும் பயன் சிறிதே. தொட்டி நீர் எப்படியோ, அப்படி உடலுக்குள் ஓடும் இரத்தம். பேத்தி இதைப் பிடித்துக் கொண்டாள். மீனுக்கு ஒரு பக்கம், அவ்வாவுக்கு ஒரு பக்கம் எனக் கணக்கு நோட்டு இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் வாலின் படம். மற்றொன்றில் கட்டு மாற்றிய தேதி.

ஜூன் மாதம், மாங்காய் ஏற்றிய வண்டிகள் சந்தையை நோக்கி வரிசையாக நிற்கத் தொடங்கிய நாட்களில், நான் பல்கலைக்கழகம் திரும்பினேன். எட்டாவது படத்தில் வால் ஏறக்குறைய முழுமை பெற்றிருந்தது. ஒரு பக்கம் சிறிது கோணல். ஓரத்தில் இன்னும் பொன்னிறம் ஏறவில்லை. நீந்துவதற்கு அது தடையாக இல்லை. அவ்வாவின் புண் முற்றும் ஆறிவிடவில்லை; சிறுத்து வருகிறது என்று பின்னர்ச் சிறுமி தொலைபேசியில் சொன்னாள். மனிதருக்கு மீனின் பேறு இல்லை. ஆனால் ஆறும் வழி அடைபட்டும் போகவில்லை.

வாலை வளர்த்தது யார்? நான் இல்லை. உப்பும் இல்லை. மீனின் உடலே தன் மருத்துவன். தூய நீரே அதன் மருந்து. எங்கள் பங்கு, நாள்தோறும் பத்து லிட்டர் நீரை மொண்டு கொட்டிப் புதுநீர் ஊற்றியதுதான். ஒரு நாள் செய்தால் அது ஒன்றுமே இல்லை. அறுபது நாள் விடாமல் செய்தால் அதற்குள் ஒரு வால் முளைக்கிறது. நான்காமவனை ஏன் எண்ணினார் வள்ளுவர் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. மற்ற மூவரும் தத்தம் வேலையைச் செய்வதற்கு உரிய நாட்களைக் காத்துக் கொடுப்பவன் அவன்.

நண்பர்களே, நம்மில் மருத்துவர்கள் ஆகப் போகிறவர்கள் சிலரே. ஆனால் விடுதியில் காய்ச்சலோடு படுத்திருக்கும் தோழனுக்குக் கஞ்சி வாங்கி வருவதற்கும், தேர்வில் தோற்று அறையைச் சாத்திக் கொண்டவனின் கதவை மறுநாளும் தட்டுவதற்கும் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. அவன் தேறுவது அவனால்தான். அதுவரை செம்பைக் கீழே வைக்காமல் இருக்க ஒருவர் வேண்டும்.